நூத்தி இருபத்தாறு கரிப்புள்ளி

“வெள்ளத்தாயி மோரா? ஐயே, அது பல்லி விழுந்த மோருல்ல!”

கிணத்தடியில யாரோ யார்கிட்டயோ சொன்னது, மோர்ப்பானையோட போன வெள்ளத்தாயி காதுல விழுந்துச்சு.

ஒரு ஊர்ல, எண்ணி நூத்தி இருபத்தெட்டு வீடு இருந்த ஊர்ல, மோர் வித்துப் பிழைச்சவ அவ. ஆறு நாளா மோர் மிஞ்சி மிஞ்சி, வீட்டு நாய்கூட பானையைக் கண்டா ஓடுது. அடுத்த சந்தைக்குப் பசுவை ஓட்டிட வேண்டியதுதான்னு இருந்தா.

இப்போ வீட்டுக்கு ஓடி வந்து சுவத்தைப் பார்த்தா. மோர் வேணாம்னு புதுசா நின்ன வீட்டுக்கு ஒரு கரிப்புள்ளி, ஒரு நாளைக்கு ஒரு வரிசை, அதான் அவ வழக்கம். முதல் நாள் ரெண்டு, அப்புறம் நாலு, அப்புறம் எட்டு, அப்புறம் பதினாறு, அப்புறம் முப்பத்திரெண்டு, அப்புறம் அறுபத்திநாலு!

“அடி ஆத்தி! கேட்டவ ஒவ்வொருத்தியும் மறுநாளே ரெண்டு பேருக்கு ஓதியிருக்கா!”

அப்புறம் என்ன செஞ்சா? பாதி பாதியா பின்னாடி நடந்தா. அறுபத்திநாலுல பாதி முப்பத்திரெண்டு, அதுல பாதி பதினாறு, அப்படியே இறங்கி ரெண்டு. ரெண்டுல பாதி? ஒண்ணு. ஒரே ஒரு வாய்!

யார் வாய்? புள்ளியெல்லாம் கூட்டினா நூத்தி இருபத்தாறு. நூத்தி இருபத்தெட்டுல கழிச்சா ரெண்டு வீடு. ஒண்ணு தன் வீடு. இன்னொண்ணு, தினமும் கொசுறு கேட்டுச் சண்டை போடுற பூரணி வீடு.

வெள்ளத்தாயி போய் முறையிட, நாட்டாமை முன்னாடி பூரணி குதிச்சா. “நானா சொன்னேன்? எவ பார்த்தா?”

“ஊரே விட்ட பல்லி மோரை, நீங்க மட்டும் ஏன்க்கா தினம் வாங்கிக் குடிக்கிறீங்க?”ன்னு கேட்டா வெள்ளத்தாயி.

பூரணி குரலை இறக்கினா. “ரெண்டே ரெண்டு பேருக்குத்தான்யா சொன்னேன்...”

“சரி, அதே கணக்குல போ” அப்படின்னாரு நாட்டாமை. “வீட்டுக்கு வீடு இவ மோர்ல ஒரு மடக்கு குடிச்சுக் காட்டி, ‘நான் சொன்னது பொய்’னு சொல்லணும். இன்னிக்கு ரெண்டு வீடு, நாளைக்கு நாலு, அப்படியே ஆறு நாள்.”

“அம்புட்டுத்தானா?”ன்னு சிரிச்சா பூரணி.

ரெண்டு வீட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே போனா. நாலு வீட்டுக்குச் சிரிக்காம போனா. எட்டு வீட்டுக்கு ஏப்பம் விட்டுக்கிட்டே போனா. பதினாறு, முப்பத்திரெண்டுன்னு ஏறி, அறுபத்திநாலாவது வீட்டுக்கு வயித்தை ரெண்டு கையால தாங்கிக்கிட்டு போய்ச் சேர்ந்தா. அவ போன வீடெல்லாம் திரும்ப மோருக்குச் செம்பை நீட்டிச்சு. சந்தைக்குப் போக வேண்டிய பசு கொட்டில்லயே நின்னுச்சு.

ஏழாம் நாள் காலையில பூரணி, வெள்ளத்தாயி வீட்டுக்கு வந்தா. ஈரத்துணி கேட்டு வாங்கினா. சுவத்துல இருந்த புள்ளியை ஒவ்வொண்ணா, நூத்தி இருபத்தாறையும் துடைச்சா. துடைச்சு முடிச்சு, வேர்த்துப்போய் உக்காந்து, கையை நீட்டினா.

“ஒரு செம்பு மோர் குடு தாயி. கொசுறு வேணாம்.”