முதல் பலகை

முன்னொரு காலத்தில், பல்லக்கு உள்ளவன் மிதந்தும் இல்லாதவன் நடந்து தேய்ந்தும் வாழ்ந்த ஒரு நாட்டில், அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை பிறந்தது. சந்தைத் தெரு நெரிசலில் அவருடைய பல்லக்கு சிக்கி, வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டதுதான் காரணம். அன்று மாலையே சபையைக் கூட்டினார்.

“ஜனங்கள் எல்லோரும் ஏறிப் போக ஒரு வண்டி வேண்டும். யார் செய்வீர்கள்?”

எல்லோரும் தாடியைத் தடவினார்கள். விகடகவி செல்லாண்டி மட்டும் எழுந்தாள். அவள் உப்பு மூட்டை சுமந்தவரின் மகள். அந்த வீட்டில் முதன்முதலாக ஏட்டைத் தொட்ட கை அவளுடையது.

“மரத்தில் தண்டவாளம் போட்டு, மேலே இரும்புப் பட்டை அடித்தால் போதும் அரசே. சக்கரம் சேற்றில் புதையாது. ஒரே ஜோடி மாடு அரைத் தெரு ஜனத்தை இழுத்துவிடும்.”

அரசர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிரமராயருக்கு வயிறு பற்றி எரிந்தது. மூன்று தலைமுறையாக வீதி மந்திரிப் பதவி அவர் வீட்டில்தான் இருந்தது. அந்த மூன்று தலைமுறையில் வீதியில் ஒரு கல்லைக்கூட நகர்த்தியதில்லை. ஆனால் நகர்த்த வேறு யாராவது வந்தால் பொறுக்காது. அதுவும் ஒரு மூட்டைதூக்கியின் மகள் வந்தால்?

ராயர் மெல்ல எழுந்து கைகூப்பினார்.

“அற்புதம் அரசே! ஆனால் தங்களுடைய பொன் ஊஞ்சலுக்கே கருவூலம் போதவில்லை. ஆகவே கருவூலத்தில் கை வைக்காமல், நடந்து போகும் ஏழைகளிடமும் வாங்காமல் அவள் செய்து காட்டட்டும். தைப்பூசத்துக்குள் வண்டி ஓடாவிட்டால் ஆசனத்தையும் விட்டு, ஊரையும் விட்டுப் போகட்டும்.”

ஊஞ்சல் பேச்சு வந்ததும் அரசர் அவசரமாகத் தலையாட்டினார்.

“கருவூலமும் கூடாது, நடப்பவரும் கூடாது. அவ்வளவுதானே?” என்று செல்லாண்டி கேட்டாள்.

“அவ்வளவுதான், அம்மணி.”

மணலைக் கயிறாகத் திரிக்கச் சொன்ன மகிழ்ச்சியில் ராயர் அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார்.

பாயசம் செரிப்பதற்குள் பல்லக்குத் தூக்கி ஒருவன் சேதி கொண்டுவந்தான்.

“சாமி, தளவாய் மழவரையர் அந்த வண்டியில உக்காருற முதல் பலகைய வாங்கிட்டாராம்ல. பேரு செதுக்குறாங்க.”

ராயருக்குப் புரையேறியது. அந்தச் சபையில் முதல் தாம்பூலம் யாருக்கு, எவர் பல்லக்கு முன்னே போவது என்பதற்காக அண்ணன் தம்பிகளே பேச்சை விட்டிருக்கிறார்கள். வண்டி ஓடவே கூடாது, சரி. ஒருவேளை ஓடித் தொலைத்தால்? ஊரே பார்க்க மழவரையன் முன்னால் உட்கார்ந்து போவானா? உடனே ஆள் அனுப்பிச் செல்லாண்டியை வரவழைத்தார்.

“முதல் பலகை என்ன விலை?”

“போயிடுச்சுங்களே. தளவாய் பாதி தூரத்துக்குத் தண்டவாள மரம் குடுத்துட்டார்.”

“மீதி தூரத்துக்கு நான் தருகிறேன்.”

“இரும்புப் பட்டை?”

“தருகிறேன்.”

“மாடு?”

“அதையும் தருகிறேன், தொலை! மழவரையனைக் கடைசிப் பலகைக்குத் தள்ளு. என் முதுகைப் பார்த்துக்கொண்டே வரட்டும்.”

“பலகையில பேரு உங்களது. ஓரத்துல ஒரு இடமும் உங்களது. மிச்ச இடத்துல ஜனங்க உக்காருவாங்க. நல்லா யோசிச்சுக்குங்க, அப்புறம் மாத்த மாட்டேன்.”

“மாற்றாதே! அதுதான் எனக்கு வேண்டும்.”

தளவாய் முதலில் வாளை உருவினார். செல்லாண்டி காதோரம் ஏதோ சொன்னதும் மீசையை முறுக்கிக்கொண்டு கடைசிப் பலகைக்குச் சம்மதித்தார். இருவர் பெயரும் செதுக்கப்பட்ட சேதி பரவியதும் மற்ற பிரபுக்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடுப் பலகைகளுக்கு அடிதடியே நடந்தது.

தைப்பூசத்தன்று கோட்டை வாசலிலிருந்து வண்டி கிளம்பியது. முதல் பலகையில் ராயர் மாலையோடு வீற்றிருந்தார். செல்லாண்டி ஜெயித்துவிட்டாள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. பின்னால் திரும்பித் திரும்பி மழவரையரைப் பார்த்து இளித்தபடியே சந்தை வரை போனார்.

சந்தையில் வண்டிக்காரன் மாடுகளை அவிழ்த்தான்.

“எங்கேடா ஓட்டிப் போகிறாய்?” என்றார் ராயர்.

“அந்தப் பக்கம் பூட்டத்தான் சாமி. தண்டவாள வண்டி திரும்பாதுங்க. மாடுதான் திரும்பும்.”

வண்டி கோட்டையை நோக்கி நகர்ந்தது. இப்போது தளவாய் முன்னால், ராயர் கடைசியில். போதாக்குறைக்கு ஒரு மீன்காரி கூடையோடு அவரை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“தள்ளிப் போ! இது என் பலகை.”

“பலகையத் தூக்கிட்டுப் போகப் போறதில்ல சாமி, காலக் கொஞ்சம் மடக்குங்க.”

கோட்டை வாசலில் காத்திருந்த அரசரிடம் ராயர் குதித்து ஓடினார். “மோசடி அரசே! முதல் பலகைக்கு வாங்கிக்கொண்டு என்னைக் கடைசியில் வைத்துவிட்டாள்!”

“பலகை வைத்த இடத்தில்தான் இருக்கிறது அரசே,” என்றாள் செல்லாண்டி. “மாற்றாதே என்று அவரே கட்டளையிட்டார். மாடு திரும்பும் வரை பொறுங்கள் என்று தளவாயின் காதில் சொன்னேன், பொறுத்தார். ராயர் திரும்புவதைப் பற்றிக் கேட்கவே இல்லை.”

“இன்னொரு வண்டி செய்!” என்று ராயர் கத்தினார். “இரண்டு நுனியிலும் என் பெயர்!”

“எனக்கும் ஒன்று! அதைவிட நீளமாக!” என்றார் தளவாய்.

“எந்தப் பக்கம் விடட்டும்?” என்று செல்லாண்டி கேட்டாள்.

“எந்தப் பக்கமானால் என்ன!” இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“அப்படியானால் கீழைச்சேரிக்கு ஒன்று, குயவர்பாளையத்துக்கு ஒன்று. அங்கிருந்துதான் ஜனங்கள் கால் வெடிக்க நடந்து வருகிறார்கள்.”

அரசர் கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். “கருவூலத்தைத் தொடவில்லை, நடப்பவரையும் தொடவில்லை. என் சபையின் வயிற்றெரிச்சலில் அல்லவா கை வைத்திருக்கிறாய்!”

“அது வற்றாத சுரங்கம் அரசே.”

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி அவளுக்கு அணிவித்தார். “இன்று முதல் நீதான் வீதி மந்திரி. பாவம், ராயருக்குத்தான் இனி வேலை இல்லை.”

“இருக்கிறது அரசே, அங்கே பாருங்கள்.”

தளவாய் நைசாக ராயருடைய முதல் பலகைப் பக்கம் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். “இறங்குடா!” என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ராயர் ஓடினார். அன்று முதல் அவர் விடிவதிலிருந்து பொழுது சாய்வது வரை அந்தப் பலகையை விட்டு இறங்கவில்லை. அரசர் கோட்டை மாடத்திலிருந்து பார்த்துப் பார்த்துச் சிரித்தார். ஜனங்கள் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.