வெல்லத்துக்காகக் கட்டிய பூ

ஞானம் தேடி மலையடிவார மடத்துக்கு வந்தவர் திருமேனி. அவரைத் தேடி ஒரு பூனை வந்தது.

வந்த முதல் நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டு நினைப்போடு பந்தியில் உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமாக ஒரு குட்டி வாசற்படியில் வந்து நின்றது. இலையிலிருந்து ஒரு பிடி தயிர்ச்சோறு எடுத்து ஓரமாக வைத்தார். அவ்வளவுதான், அன்று முதல் அது அவருடைய பூனை. என்னுடையது என்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லும் மடத்தில், அதற்கு வெல்லம் என்று பேரும் வைத்துவிட்டார்.

குரு சிற்றம்பல சாமி அவரைவிட வயதில் சின்னவர். சீடரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார். பூனையைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை.

அந்த மடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. எந்த முடிவானாலும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வாழையிலையில் மடித்து நாரால் கட்டி, சந்நிதியில் வைத்துக் குலுக்கி ஒன்றை எடுப்பார்கள். கிணறு தூர்வாரப் பூ, சுண்ணாம்பு அடிக்கப் பூ, யார் ஊருக்குப் போய் வருவது என்பதற்கும் பூ. சாம்பாரா ரசமா என்பதற்கு மட்டும்தான் இன்னும் பூக்கட்டவில்லை. குருவுக்கு முந்தியவர்கள் தொடங்கியது அது. அவர் தடுக்கவும் இல்லை, தானாகக் கட்டவும் இல்லை.

ஒரு காலை, பால் வண்டியைப் பின்னால் எடுத்தபோது வெல்லம் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது.

திருமேனி அதைக் கூடையில் போட்டுக்கொண்டு டவுனுக்கு ஓடினார். கால்நடை மருத்துவர் அம்மாள் பொறுமையாகப் பார்த்தார். வலிக்கு ஒரு ஊசி போட்டார்.

"முதுகெலும்பு உடைஞ்சிருக்கு. உள்ளேயும் கிழிஞ்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா ஆபரேஷன் பண்ணுவாங்க. ஆனா தாங்கும்னு எனக்குத் தோணலை."

"வேற வழி?"

"தூங்க வைக்கலாம். ஒரே ஊசி."

"நான் கொல்லாமை விரதம் எடுத்தவன்மா."

"சரிங்க. ஆனா இந்த வலி ஊசி சாயங்காலம் வரைக்கும்தான் கேட்கும். அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

குருவைக் கேட்டு வருகிறேன் என்று சொல்லிப் பூனையைத் திருப்பிக் கொண்டுவந்தார் திருமேனி. பூஜைக்குச் சத்தம் இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று மாட்டுக்கொட்டகையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார். பிறகு கைகால் கழுவிக்கொண்டு குருவிடம் போனார்.

"நீங்களே சொல்லுங்க சாமி. என்ன செய்யட்டும்?"

"பூனை எப்படி இருக்கு?"

"டாக்டரம்மா சொன்னது..."

"டாக்டரம்மா சொன்னதைக் கேட்கலைங்க. பூனை எப்படி இருக்கு?"

திருமேனி கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குரு எழுந்து போய்விட்டார்.

திருமேனிக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா இந்த மனிதர்? சந்நிதிக்குப் போனார். மல்லிகையில் ஒரு பொட்டலம், செம்பருத்தியில் ஒரு பொட்டலம் கட்டினார். வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் ஊசி. கட்டிவிட்டாரே தவிர எடுக்கக் கை வரவில்லை. ஜபம் செய்தார். மனசு ஒருநிலைப்படட்டும் என்று இன்னும் கொஞ்சம் செய்தார். வெயில் முற்றத்தைத் தாண்டிப் போனது.

மத்தியானம் குரு உள்ளே வந்தார்.

"எடுத்துட்டீங்களா?"

"இல்ல சாமி. நீங்க எடுத்துக் கொடுங்க."

"வெள்ளை வந்தா?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன்."

"சிவப்பு வந்தா?"

திருமேனி தரையைப் பார்த்தார்.

"வீட்டை விட்டு வர்றதுக்கும் பூக்கட்டித்தானே பார்த்தீங்க?"

"ஆமா சாமி. வெள்ளை வந்துச்சு."

"எத்தனாவது தடவை?"

"மூணாவது தடவை," என்றார் திருமேனி. அவர் பெண்சாதி அன்று அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது. அதைக் குருவிடம் சொல்லவில்லை.

குரு இரண்டு பொட்டலங்களையும் எடுத்தார். பிரிக்கவில்லை. நேரே மாட்டுக்கொட்டகைக்கு நடந்தார். திருமேனி பதறிப்போய்ப் பின்னால் ஓடினார். பசு வாயை நீட்டியது. நாரை மட்டும் உருவிவிட்டு இரண்டையும் சேர்த்து அதன் வாயில் கொடுத்தார் குரு. இலையும் பூவுமாக அது நிதானமாக மென்று விழுங்கியது.

"என்ன சாமி இப்படிப் பண்ணிட்டீங்க!"

"இனி யாரைக் கேட்பீங்க?"

"உங்களைத்தான். நீங்க சொன்னா நான் கண்ணை மூடிக்கிட்டுச் செய்வேன். அதுக்குத்தானே குருன்னு ஒருத்தர்?"

"அதுக்குத்தான் வந்தீங்களா?"

திருமேனி கீழே கிடந்த நாரை எடுத்துச் சுருட்டினார்.

"உட்காருங்க ஐயா," என்றார் குரு. "ஜபம் வேண்டாம். சும்மா உட்காருங்க."

இருவரும் சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெல்லம் கண்ணைத் திறந்து திருமேனியைப் பார்த்தது. தொண்டைக்குள் கொர்கொர் என்று சத்தம் வந்தது.

"பாருங்க சாமி, என்னைப் பார்த்ததும் சந்தோஷப்படுது. அதுக்கு வாழணும்னு இருக்கு."

"வயித்துல கை வைங்க."

வைத்தார். வயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. கை பட்டதும் பூனை கத்தியது. கத்தி முடித்ததும் மறுபடி கொர்கொர். சந்தோஷத்துக்கு மட்டும் வரும் சத்தம் இல்லை அது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கொட்டகையில் படுக்க வைத்த பிறகு இதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையே என்று அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

கிண்ணத்தில் காலையில் ஊற்றிய பால் அப்படியே இருந்தது. ஏடு கட்டி, அதில் ஒரு எறும்பு செத்துக் கிடந்தது.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. தினமும் அந்த மணிக்குத்தான் வெல்லம் பந்திக்கு ஓடிவரும். இன்றும் தலையைத் தூக்கியது. முன்னங்கால்களை ஊன்றி இழுத்தது. பின்பாதி வரவில்லை. ஒரு சாண் தூரம் கூட நகராமல் மறுபடி இழுத்தது. அது சோற்றுக்காக இழுத்ததா, அவர் மடிக்காக இழுத்ததா? எதுவானாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஊசியின் வீரியம் குறைந்துகொண்டே வந்தது. அதற்கப்புறம் அது கத்தியதை எழுத எனக்கும் இஷ்டமில்லை.

திருமேனி எழுந்து நின்றார். வேட்டியில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டினார்.

"ஊசி போட்டுடலாம்," என்றார். குருவைப் பார்த்துச் சொல்லவில்லை. பூனையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கூட வரட்டுமா?"

"வாங்க சாமி."

ஆட்டோவில் போனார்கள். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் திருமேனி கூடையை மடியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டார். மருத்துவர் அம்மாள், "நீங்க வெளியே இருக்கலாம்," என்றார். திருமேனி இருக்கவில்லை. வெல்லத்தின் தலையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். அது அவர் கட்டைவிரலை ஒரு தடவை நக்கியது. பிறகு நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

மடத்துக்குப் பின்னால் வேலியோரம் இருவருமாகக் குழி வெட்டினார்கள். மண் இறுகிக் கிடந்தது. குருவின் கையில் கொப்புளம் கண்டது. அவர் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை. இருட்டுவதற்குள் மூடியும் ஆயிற்று.

திருமேனி காலிக் கூடையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் செஞ்சது பாவமா சாமி?"

"ஆமாங்க."

இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தார். முகம் சுருங்கிப்போயிற்று.

"ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தா?"

"அதுவும் பாவந்தான்."

"ஒண்ணும் செய்யாம விட்டிருந்தா?"

"மத்தியானம் வரைக்கும் அதைத்தானே செஞ்சீங்க."

திருமேனி அழுதார். வீட்டை விட்டு வந்தபோதுகூட அவர் அழுததில்லை. குரு பக்கத்திலேயே நின்றார். தட்டிக்கொடுக்கவில்லை.

அழுகை ஓய்ந்ததும் திருமேனி கோபமாகவே கேட்டார்.

"அப்ப பாவம் ஒட்டாம இருக்க ஒரு வழியே கிடையாதா?"

"இருந்துச்சுங்க ஐயா," என்றார் குரு. "முதல் நாள் அது வாசப்படியில வந்து நின்னப்போ, உங்க சோத்தை நீங்களே தின்னிருக்கணும்."