இடம் மாறிய வெள்ளைத் திட்டு

ஒட்டன்சத்திரத்தில் ஒரு மாட்டு இன்சூரன்ஸ் ஆபீஸ். செத்த மாடுகளின் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது தற்காலிக ஊழியரான ரெஜினாவின் வேலை. ஒருநாள் இரண்டு போட்டோக்களை மட்டும் ஏற்ற மாட்டேன் என்று எடுத்து வைத்துவிட்டாள். இரண்டிலும் இருப்பது ஒரே மாடு என்பது அவள் கட்சி.

ஏஜென்ட் சொக்கலிங்கம் கொதித்துப் போய் மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். வியாபாரம் பிடித்துத் தருவதில் பெரும்புள்ளி என்பதால் மேனேஜரே எழுந்து நாற்காலி போட்டார்.

"இதுல வெள்ளைத் திட்டு இடது கண்ணுமேல, அதுல வலது கண்ணுமேல. ரெண்டும் ஒரே மாடாம்! இப்பவே நிரூபிக்கச் சொல்லுங்க, இல்லேன்னா வீட்டுக்கு அனுப்புங்க."

மேனேஜர் தலையாட்டினார். ரெஜினாவை உள்ளே கூப்பிட்டார். அவள் இரண்டு போட்டோக்களையும் மேஜைமேல் அருகருகே வைத்தாள்.

"ரெண்டு போட்டோவும் நீங்களே எடுத்ததா சார்?"

"பின்னே? நேர்ல போய் என் கையால எடுத்தேன்."

"உங்க சட்டைப் பை எந்தப் பக்கம் சார்?"

"இடது பக்கம். ஊர்ல எல்லாருக்கும் அங்கதான். அதுக்கென்ன இப்போ?"

"அப்போ மாட்டை விடுங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற விவசாயி சட்டையைப் பாருங்க."

மேனேஜர் குனிந்து பார்த்தார். முதல் படத்தில் பை இடது மார்பில் இருந்தது; இரண்டாவதில் வலது மார்பில். ரெஜினா தன் கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்து இரண்டாவது படத்துக்கு எதிரே பிடித்தாள். கண்ணாடிக்குள் அப்படியே முதல் படம் தெரிந்தது.

மேனேஜர் சொக்கலிங்கத்தின் பழைய படங்களையெல்லாம் திறந்தார். சிலது திருப்பியது, சிலது வெட்டியது. திட்டு மட்டும் அதே திட்டு.

"அடப்பாவி! இந்த மாடு எத்தனை தடவைதான்யா செத்துது?"

"ஒரு தடவைதான் சார்," என்றாள் ரெஜினா. "மத்த தடவையெல்லாம் இவர் சாகடிச்சது."