குரு கொடுத்த களிமண்

“சாமி, என் சம்சாரத்துக்குப் பொறுமைங்கிறது எப்பத்தான் வரும்?”

மாசிலாமணி வாத்தியார் இப்படிக் கேட்டுக்கொண்டு வந்து நின்றபோது, சாமி தன் குடிலில் கணப்புக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். முழங்கை வரைக்கும் களிமண். புகைபோக்கியில் எங்கோ கீறல் விட்டிருந்தது. அதைப் பூசிக்கொண்டிருந்தார்.

சாமிக்கு நாற்பது வயது தாண்டாது. வாத்தியாருக்கு அறுபது தாண்டிவிட்டது. வேலையில் ஓய்வு கிடைத்த கையோடு, மனைவி உலகம்மாளையும் கூட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் இந்த ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர். ஞானம் அடையாமல் கீழே இறங்குவதில்லை என்று வைராக்கியம். அந்த அம்மாளுக்கு அப்படி ஒரு வைராக்கியமும் இல்லை. புருஷன் வந்தார், அவளும் வந்தாள்.

மலைக் குளிர் சும்மா விடாது. எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு குடிலிலும் சுவரோரம் விறகு எரிக்க ஒரு கணப்பு. புகை வெளியே போக, செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டின புகைபோக்கி.

“அம்மா என்ன பண்றாங்க?” என்றார் சாமி.

“விடிஞ்சா புகை, அடைஞ்சா புகைன்னு ஒரே பாட்டு. தலை வலிக்குதாம். குமட்டுதாம். எந்திரிச்சா கிறுகிறுன்னு வருதாம். எனக்கும்தான் கண்ணு எரியுது. நான் ஒரு வார்த்தை சொல்றேனா?”

“புகை எங்கேயிருந்து வருது?”

“புகைபோக்கி வெடிச்சிருக்கு சாமி. மழையில விட்டுப்போச்சு.”

“அடைச்சீங்களா?”

வாத்தியாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு தூரம் நடந்து வந்து கேட்ட கேள்வி என்ன, இவர் கேட்கிறது என்ன!

“அடைச்சுக்கலாம் சாமி, அது எங்கே போகுது. நான் கேக்கறது பொறுமையைப் பத்தி.”

சாமி பக்கத்தில் குழைத்து வைத்திருந்த மண்ணில் பெரிய உருண்டையாக ஒன்றை அள்ளினார். வாத்தியாரின் இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி அதில் வைத்தார்.

“கொண்டு போங்க. இன்னைக்கே.”

திரும்பித் தன் பூச்சு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வாத்தியாருக்குப் புல்லரித்துவிட்டது.

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமி எதைக் கையில் கொடுத்தாலும் அதற்குள் ஒரு தத்துவம் இருக்கும், அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பார்கள். பக்கத்துக் குடில் பூவலிங்கத்துக்கு ஒருமுறை விளக்குமாற்றைக் கொடுத்தார். பூவலிங்கம் அதற்குப் பட்டுத்துணி சுற்றி, பூஜையில் வைத்து, தினமும் பூப்போடுகிறார். அவர் குடிலுக்குள் போனால் குப்பையில் கால் வைக்க இடம் இருக்காது.

அந்தப் பூவலிங்கம்தான் வழியில் எதிரே வந்தார். மண்ணைப் பார்த்ததும் கண் விரிந்தது.

“என்ன வாத்தியாரே, குரு குடுத்ததா?”

“ஆமாய்யா. பொறுமையைப் பத்திக் கேட்டேன். மண்ணை அள்ளிக் குடுத்தார்.”

“அடடா! பூமாதேவி! எவ்வளவு மிதிச்சாலும் பொறுக்கிறவள். வேற ஏதும் சொன்னாரா?”

“இன்னைக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னார்.”

பூவலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நாளைங்கிறதே மாயை! அதைத்தான் சொல்லியிருக்கார். கொடுத்து வச்சவர்யா நீங்க. எனக்கு வெறும் விளக்குமாறுதான்.”

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இங்கே இரண்டு பேரும் படித்தவர்கள். கேட்கவா வேண்டும்!

வீட்டுக்கு வந்ததும் வாத்தியார் மண் உருண்டையைப் பித்தளைத் தட்டில் வைத்தார். சந்தனம் தெளித்தார், குங்குமம் வைத்தார். முன்னால் ஒரு விளக்கை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார்.

உலகம்மாள் இருமிக்கொண்டே உள்ளே வந்தாள்.

“ஏது இவ்வளவு நல்ல களிமண்ணு?”

“சாமி குடுத்தது.”

அவள் முகத்தில் எத்தனை நாளைக்கப்புறமோ ஒரு சிரிப்பு. “சாமிக்காவது என் கஷ்டம் தெரிஞ்சுதே! எந்திரிங்க. அந்த முக்காலியை எடுத்துப் போடுங்க. காயறதுக்குள்ள வெடிப்புல அப்பிரலாம்.”

“அடிப் பைத்தியமே! குரு பிரசாதத்தைக் கொண்டுபோய் அடுப்புல அப்பறதா?”

“பின்ன எதுக்குக் குடுத்தாராம்?”

“அதைத்தானே தேடிக்கிட்டிருக்கேன். வாயை மூடு.”

அவள் வாயை மூடுகிறவள் இல்லை. முக்காலியைத் தானே இழுத்துப் போட்டாள். தட்டிலிருந்து ஒரு பிடி மண்ணைப் பிய்த்தெடுத்தாள். ஏறி, சுவரைப் பிடித்து நின்று, வெடிப்பை எட்டிக்கூட விட்டாள்.

வாத்தியார் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கையை விரித்து, மண்ணைத் துளி விடாமல் வழித்தெடுத்து, திரும்பத் தட்டில் வைத்தார்.

உலகம்மாள் முக்காலியிலிருந்து இறங்கினாள். மூச்சு வாங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏங்க, எனக்கு நிஜமாவே முடியலைங்க.”

அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆசை இல்லாமல் இல்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள்.

“நாளைக்கு ஆள் கூட்டியாந்து பூசிரலாம். போதுமா?”

“நாளைக்கு நாளைக்குன்னு மழைக்காலம் போயி மார்கழியே வந்தாச்சு.”

“கண்டிப்பா நாளைக்கு.”

அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைத்து, அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

விடியலில் மார்கழி பஜனை. ஆசிரமத்து மண்டபம் வாத்தியார் குடிலுக்கு எதிரேதான். அவர் எழுந்து குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டார். அன்றைக்குப் பஜனை முடிந்ததும் களிமண்ணைப் பற்றி எல்லோருக்கும் நாலு வார்த்தை சொல்வதாக ஏற்பாடு. பூவலிங்கம் அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

“நீ வரலையா உலகு?”

“தலை தூக்க முடியலை. போயிட்டு வாங்க.”

ஜன்னல் வழியாகக் காற்று சில்லென்று அடித்து, மண்ணுக்கு முன்னால் வைத்த விளக்கு அணைந்து போயிருந்தது. அவர் அதைத் திரும்ப ஏற்றினார். ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பாவம், இவளுக்கும் குளிருமே என்று கணப்பில் இன்னும் நாலு கட்டையைத் திணித்தார். கம்பளியை இழுத்து அவள் கழுத்து வரைக்கும் போர்த்திவிட்டார். கதவையும் காற்றுப் புகாதபடி நன்றாக இழுத்துச் சாத்திவிட்டுத்தான் போனார்.

அன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை மனுஷன்!

பஜனை அமர்க்களமாக நடந்தது. ஜால்ராச் சத்தத்தில் மண்டபமே அதிர்ந்தது. பிறகு வாத்தியார் எழுந்து பேசினார். மண்ணில் பிறந்தோம் என்றார், மண்ணாய்ப் போவோம் என்றார், பொறுமையே மோட்சத்துக்குப் படி என்றார். கேட்டவர்கள் உருகிப்போனார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சாமி, பாதிப் பேச்சில் எழுந்தார்.

“வாத்தியாரே, அந்த மண்ணு இப்ப எங்கே இருக்கு?”

“பூஜையில சாமி.”

“அம்மா எங்கே?”

“வீட்லதான். கணப்பு போட்டு, எல்லாம் சாத்தி…”

சாமி ஓடினார். மேல்துண்டு எங்கோ விழுந்தது. அந்த மனுஷர் ஓடி யாரும் பார்த்ததே இல்லை.

கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. உலகம்மாள் படுக்கையில் இல்லை. வாசல்பக்கமாகத் தரையில் குப்புறக் கிடந்தாள். எழுந்து வரப் பார்த்திருக்கிறாள். வெளியே தூக்கி வந்து பனிப் புல்லில் கிடத்தினார்கள். சாமி அவள் நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். தண்ணீர் தெளித்தார். வெயில் ஏறும்வரைக்கும் அவர் விடவில்லை. அப்புறம் கையை எடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வாத்தியாருக்கு அழுகை வரவில்லை. சாமிக்கு எதிரே போய் நின்றார்.

“சாமி, மண்ணைக் குடுத்தீங்க. இன்னைக்கேன்னு சொன்னீங்க. பூசுடான்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருக்கணும்.” சாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. “நான் குடுக்கிறதை எல்லாம் நீங்க எங்கே கொண்டுபோய் வைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன். அந்த மரியாதை எனக்கும் இனிச்சுது.”

பூவலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. “ரெண்டு பேரும் மனசைத் தேத்திக்கிடுங்க. மார்கழி மாசம், விடியக்காலம், பஜனைச் சத்தம் காதுல விழ உயிர் போயிருக்கு. யாருக்குக் கிடைக்கும்?”

மூழ்குகிறவன் கையில் கட்டை அகப்பட்ட மாதிரி வாத்தியார் அதைப் பிடித்துக்கொண்டார். சாமியின் பக்கம் நகர்ந்து வந்தார்.

“ஆமா சாமி. கடைசி நேரத்துல அவ அந்த ஈஸ்வரனைத்தானே கூப்பிட்டிருப்பா?”

சாமி அவர் முகத்தைப் பார்த்தார்.

“இல்லை வாத்தியாரே. உங்களைத்தான் கூப்பிட்டிருப்பாங்க.”