அநியாயத்தைக் கழித்தபோது

மாணவியர் விடுதியில் ஜெசிந்தாவுக்குப் பட்டப்பெயர் குரு. நூலகத் துறையில் ஆய்வு செய்கிறவள். இணையத்தில் எவருக்கு எது கிடைக்காவிட்டாலும் அவளிடம்தான் வருவார்கள். அங்கயற்கண்ணி ஒருபடி மேலே போய், யாரும் கேட்காமலே தன்னைச் சீடையாக நியமித்துக்கொண்டவள்.

அன்று சாயங்காலம் சீடை மடிக்கணினியும் கையுமாக மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"இன்னைக்குப் பேச்சுப் போட்டி இறுதிச் சுற்று, அக்கா. முடிய எட்டு மணி ஆகும். ஆறரைக்கே கதவைப் பூட்டணும்னு விதியாம், வார்டன் விடமாட்டேங்கறாங்க. 'அப்படி இல்லைன்னா காட்டு, கையெழுத்துப் போடறேன்'ங்கறாங்க. பல்கலைக்கழக வலைத்தளம் பூரா தேடிட்டேன். விதியைத் தவிர எல்லாம் வருது."

"என்னன்னு தேடின?"

அங்கயற்கண்ணி திரையைத் திருப்பினாள். 'ஆறரைக்கே விடுதியைப் பூட்டும் அநியாயம் ஏன்' என்றிருந்தது.

ஜெசிந்தா அவளை இழுத்துக்கொண்டு உணவுக்கூடத்துக்கு நடந்தாள். டீ நேரம். ஒரே இரைச்சல்.

"ஏ, நல்ல பொண்ணே" என்று கூப்பிட்டாள். அத்தனை தலைகளும் திரும்பின.

"மாரிச்செல்வி தங்கராசு" என்றாள் அடுத்து.

வாயில் பஜ்ஜியோடு ஒரே ஒருத்தி நிமிர்ந்தாள்.

"புரிஞ்சுபோச்சு. முழுப் பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரி, வேணுங்கற சொல்லை அப்படியே இரட்டை மேற்கோளுக்குள்ள போடணும்." அங்கயற்கண்ணி நின்றபடியே "விடுதி மூடும் நேரம்" என்று தட்டினாள்.

முடிவுகள் குறைந்தன. ஆனால் எல்லாம் மாணவிகள் வருஷாவருஷம் எழுதிய மனுக்கள். இரண்டு அவளே எழுதியவை.

"நாம கத்தினதுதான் நமக்கே கேக்குது. எதைத் திறந்தாலும் அநியாயம், அநியாயம்."

"அப்போ அதைக் கழி."

"அநியாயத்தையா? அதைக் கழிச்சுட்டா அப்புறம் எதுக்கு வாதாடறது? விட்டுக் கொடுத்து விட்டுக் கொடுத்துத்தானே அக்கா நாம..."

"மணி நாலரை" என்றாள் குரு.

முணுமுணுத்துக்கொண்டே, அந்தச் சொல் வரும் பக்கங்கள் விலகட்டும் என்று கழித்தல் குறி போட்டு, இடைவெளி விடாமல் 'அநியாயம்' என்று ஒட்டித் தட்டினாள் சீடை.

ஒரே ஒரு பக்கம் மிஞ்சியது. விதித் தொகுப்பு. விடுதி மூடும் நேரம், மாணவர் மாணவியர் இருபாலருக்கும் இரவு ஒன்பது.

அவள் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "ஆறரைங்கறது இதுல எங்கயுமே இல்ல, அக்கா."

வார்டன் அறைப் பக்கம் பாய்ந்தவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"அங்கயும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதா?"

ஜெசிந்தா மாரிச்செல்வியின் தட்டிலிருந்து ஒரு பஜ்ஜி எடுத்துக்கொண்டாள்.

"கழிச்சது தேடறதுக்கு மட்டும்தான்டி. கதவைத் தட்டறதுக்கு முன்னாடி திரும்பச் சேர்த்துக்கோ."