விசில் நிற்காத ரயிலும் ஏமாங்குளத்து ஐந்து பேரும்

ஏமாங்குளத்தில் பொம்மை ரயில் சங்கம் என்று ஒன்று உண்டு. உறுப்பினர் ஐந்து, ரயில் ஒன்று. மூளை எத்தனை என்று இதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. செயலாளர் நல்லபெருமாள் ரயில்வே கார்டு தொப்பி போட்டுக்கொண்டுதான் சாப்பிடவே உட்காருவார். ஊரில் அவருக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்தத் தொப்பிக்குத்தான். தொப்பிக்கு மரியாதை அந்த ரயிலால் வந்தது.

ரயில் எழுபது வருஷத்துப் பழசு. சௌந்தரவல்லி அம்மாள், காலமான தம் கணவருடையதைச் சங்கத்திடம் கொடுத்து வைத்திருந்தார். அதில் ஒரு கோளாறு. பொத்தானை அழுத்தினால் விசில் ஊதும். கையை எடுத்தால் நிற்காது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் ரயிலைப் பக்கத்து ஊர் மேலக்கரைச் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவதாக அம்மாள் சொல்லிவிட்டார். அன்று முதல் நல்லபெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை.

திருச்சியில் இப்படிப்பட்ட ரயில்களைப் பழுது பார்க்கும் சூசைமாணிக்கத்துக்கு எழுதிக் கேட்டார்கள். அவர் நாலு வரியில் பதில் போட்டார்.

முதல் வரி: விசில் இருக்கும் கரிப்பெட்டியின் மூடியில் நாலு திருகாணியைக் கழற்றவும். இந்த மூடியிலோ ஆறு இருந்தன. சங்கம் கூடியது.

"நாலுன்னுதானே எழுதியிருக்கார்," என்றார் சங்கிலி.

"எந்த நாலுன்னு எழுதலையே," என்றார் வயிரவன்.

நல்லபெருமாள் வெகுநேரம் யோசித்தார். "மாத்தி மாத்திக் கழட்டுவோம். சரியான நாலு அமைஞ்சா மூடி தானா வந்துரும்."

ஆறில் நாலைப் பதினைந்து விதமாகக் கழற்றலாம். பதினைந்தையும் செய்தார்கள், ஒவ்வொரு தடவையும் திரும்ப முடுக்கிவிட்டு. கழற்றியது மொத்தம் அறுபது. பதினைந்தாவது விதத்தில் மரை தேய்ந்து, மிச்சம் இரண்டும் தாமாகவே விழுந்தன. யாரும் கழற்றவில்லையாதலால் கடிதத்தை மீறியதாகாது என்று தீர்மானம் போட்டார்கள்.

இரண்டாவது வரி: விசிலை முடுக்கும் சின்னத் தகட்டில் பழைய எண்ணெய் பசையாக இறுகியிருக்கும், மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கவும். துடைத்தார்கள். அவர்கள் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

மூன்றாவது வரி: ஒரு சொட்டு எண்ணெய் விடவும், அதற்கு மேல் கூடாது. யார் விடுவது? சங்கத்தில் எல்லாருக்கும் சம உரிமை. ஆளுக்கொரு சொட்டு நல்லெண்ணெய் விட்டார்கள். ஒருவரும் ஒரு சொட்டுக்கு மேல் விடவில்லை. மூன்றே நாளில் தகடு முன்னைவிடப் பிசுபிசுத்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாள் வந்து பொத்தானை அழுத்தினார். விசில் ஊதியது. கையை எடுத்தார். ஊதிக்கொண்டே இருந்தது.

நல்லபெருமாளுக்கு நாலாவது வரி நினைவு வந்தது: அப்படியும் நிற்காவிட்டால் கரண்டை நிறுத்தவும். சுவிட்சு அவர் வலக்கைக்கு ஒன்றரை அடி தூரத்தில் இருந்தது. ஆனால் கடிதத்தில் சுவிட்சு என்று எழுதவில்லையே. தெருக்கோடி டிரான்ஸ்பார்மருக்கு ஓடினார். அங்கே நின்ற லயன்மேனின் காலில் விழுந்து ஃபியூஸைப் பிடுங்க வைத்தார். மூன்று தெருவில் மின்விசிறிகள் நின்றன. விசிலும் நின்றது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "சரியாயிருச்சும்மா," என்றார். மற்ற நாலு பேரும் கைதட்டினார்கள்.

"சரி, ரயிலை ஓட்டிக் காட்டுங்க."

"கரண்ட் இல்லாம எப்படிம்மா ஓடும்?" என்றார் நல்லபெருமாள், சின்னப் பிள்ளைக்கு விளக்குவதுபோல.

அம்மாள் ரயிலைத் துணியில் சுற்றத் தொடங்கினார். மேலக்கரைக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

நல்லபெருமாள் பதறிப்போய் அம்மாளின் முன்னால் வந்து நின்றார்.

"வேண்டாம்மா. அந்த ஊர்ல கரண்ட் இருக்கு."