தவளைக் கூட்டத்தில் ஒரு குரல்

தொடக்கப் பள்ளி ஆண்டு விழாவுக்கு, தவளைகள் மழையைக் கூப்பிடுகிற பாட்டு நாடகம். ஒத்திகை பார்க்க வந்த தாளாளர் ராஜமாணிக்கம் முகத்தைச் சுளித்தார்.

"சுருதி சேராத குரல் ஒண்ணு கேட்குது. யாருன்னு இப்பவே கண்டுபிடிச்சு, வாயை மட்டும் அசைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா நாடகமே வேண்டாம்."

மூன்றாம் வகுப்புத் தங்கபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். போன வருஷம் அவளை வாயசைக்கத்தான் விட்டார்கள்.

தற்காலிகப் பாட்டு டீச்சர் ஜெசிந்தா அவளைப் பார்த்தாள். தாளாளரையும் பார்த்தாள். பாட்டு கேட்டால் கண்ணை மூடித் தன்னை மறந்துவிடுகிற மனுஷன் அவர்.

"எனக்குப் பிடிபடலைங்க ஐயா. ஒவ்வொரு வரிசையா பாடுறதை நிறுத்தச் சொல்லிக்கிட்டே வர்றேன், நீங்களே கண்டுபிடிச்சுக் கொடுங்க."

பாட்டு தொடங்கியது. தாளாளர் கண்ணை மூடித் தலையாட்டினார். முதல் வரிசை பாடுவதை நிறுத்தியது. இன்னும் கேட்கிறது என்று விரலை ஆட்டினார். அடுத்த வரிசையும் நிறுத்தியது. விரல் ஆடியது. கடைசி வரிசையும் வாயை மூடிக்கொண்டது. அப்போதும் ஒரு குரல் கோணலாக இழுத்துக்கொண்டே போனது.

கண்ணைத் திறந்தார். எல்லாத் தவளைகளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

யாரும் சிரிக்கவில்லை. தங்கபுஷ்பம்தான் கிட்டே வந்தாள்.

"வாயை மட்டும் அசைச்சாப் போதும் சார். முதல்ல அழுகையா வரும். அப்புறம் பழகிடும்."